புகார் கொடுத்த பிறகு என்ன ஆகும்? குடும்ப வன்முறைக்கு ஆளான பெண்கள் போலீஸையும் கோர்ட்டையும் எப்படிப் பார்க்கிறார்கள்?

தாம்பரத்தை அடுத்த மாடம்பாக்கத்தில், ராத்திரி 11 மணிக்கு கணவரிடம் அடி வாங்கிய ஒரு பெண் உதவி தேடிக் கிளம்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். அவர் எங்கெல்லாம் போக வேண்டியிருக்கும்?

போலீஸ் என்றால் சேலையூர் காவல் நிலைய எல்லை. காயத்துக்கு அரசு மருத்துவமனை. மாஜிஸ்திரேட் நீதிமன்றம் தாம்பரத்தில். குடும்ப வன்முறைச் சட்டத்தின் கீழ் உதவ வேண்டிய பாதுகாப்பு அலுவலரைப் பார்க்க, மாவட்டத் தலைநகரான செங்கல்பட்டு. தாம்பரத்தில் இருந்து மின்சார ரயிலிலேயே சுமார் 30 கிலோமீட்டர்.

குழந்தையை ஸ்கூலுக்கு அனுப்பிவிட்டு, வேலைக்கும் லீவு சொல்லிவிட்டு, இத்தனை இடத்துக்கும் அவர் அலைய வேண்டும். போகும் ஒவ்வொரு இடத்திலும் நடந்ததை முதலில் இருந்து சொல்ல வேண்டும். சாயங்காலம் திரும்பி வர வேண்டியது பெரும்பாலும் அதே வீட்டுக்குத்தான்.

பாதிக்கப்பட்ட பெண்கள் சட்டத்தை நம்புகிறார்களா என்ற கேள்விக்கான பதில் இந்த அலைச்சலில் தொடங்குகிறது.

*எத்தனை பேர் வெளியே சொல்கிறார்கள்?*

2019-21ல் நடந்த 5-வது தேசிய குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 18 முதல் 49 வயது வரையிலான, திருமணமான பெண்களில் 38.1 சதவீதம் பேர் கணவரின் வன்முறையைச் சந்தித்திருக்கிறார்கள். அதற்கு முந்தைய ஆய்வில் இது 40.6 சதவீதம். இந்திய அளவில் சராசரி சுமார் 29 சதவீதம்தான். கல்வியிலும் வேலைவாய்ப்பிலும் முன்னணியில் இருக்கும் மாநிலம் இந்தக் கணக்கில் தேசிய சராசரிக்கு மேலே நிற்கிறது.

அதே ஆய்வில் இன்னொரு எண்ணும் இருக்கிறது. உடல் ரீதியான அல்லது பாலியல் வன்முறையைச் சந்தித்த இந்தியப் பெண்களில், யாரிடமாவது உதவி கேட்டவர்கள் வெறும் 14 சதவீதம். சுமார் 77 சதவீதம் பேர் உதவியும் கேட்கவில்லை, யாரிடமும் வாய் திறக்கவும் இல்லை. உதவி கேட்டவர்களும் முதலில் போனது பெரும்பாலும் அம்மா வீட்டுக்குத்தான். போலீஸிடம் போனவர்கள் மிகக் குறைவு.

அப்படியென்றால், காவல் நிலையத்தின் படியேறி வரும் பெண் முதல் அடி வாங்கியதும் ஓடி வந்தவர் அல்ல. பெரும்பாலும் பல வருஷம் பொறுத்து, குடும்பத்தில் பேசிப் பார்த்து, வேறு வழியே இல்லாமல் வந்தவர். அவரிடம் "ஒரு அடிக்கெல்லாமா ஸ்டேஷனுக்கு வருவாங்க?" என்று கேட்டால், அவர் மறுபடி வரவே மாட்டார்.

*பெண்கள் என்ன கேட்கிறார்கள்? சட்டம் என்ன தருகிறது?*

இந்தியாவில் குடும்ப வன்முறைக்கு இரண்டு சட்டப் பாதைகள் இருக்கின்றன. பலர் இரண்டும் ஒன்று என்றே நினைக்கிறார்கள்.

முதலாவது, குற்றவியல் பாதை. 1983ல் இந்தியத் தண்டனைச் சட்டத்தில் சேர்க்கப்பட்ட 498ஏ பிரிவு, இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவின் 85, 86 பிரிவுகளாக இருக்கிறது. 2024 ஜூலை 1 முதல் இது நடைமுறையில் உள்ளது. கணவரோ அவருடைய உறவினரோ கொடுமைப்படுத்தினால் 3 ஆண்டு வரை சிறையும் அபராதமும் விதிக்கலாம்.

இரண்டாவது, 2005-ம் ஆண்டின் குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம். 2006 அக்டோபர் 26ல் நடைமுறைக்கு வந்தது. இதன் முதல் நோக்கம் ஜெயில் இல்லை. அடிக்கக் கூடாது, அருகே வரக் கூடாது என்ற பாதுகாப்பு உத்தரவு, வீட்டில் தொடர்ந்து வசிக்கும் உரிமை, செலவுக்குப் பணம், குழந்தைகளைத் தற்காலிகமாகத் தன்னோடு வைத்துக்கொள்ளும் உரிமை, இழப்பீடு ஆகியவற்றை மாஜிஸ்திரேட்டிடம் கேட்டுப் பெறலாம். அடிப்பது மட்டும் வன்முறை இல்லை. கேவலமாகப் பேசுவது, பாலியல் கொடுமை, சம்பளத்தைப் பிடுங்கிக்கொள்வது, வீட்டுச் செலவுக்குப் பணம் தராமல் இருப்பது எல்லாமே இந்தச் சட்டத்தின்படி குடும்ப வன்முறைதான். மனைவி மட்டுமின்றி தாய், சகோதரி, மகள், திருமணம் போன்ற உறவில் சேர்ந்து வாழும் பெண் ஆகியோரும் மனு செய்யலாம்.

பாதிக்கப்பட்ட பெண்களில் பலர் முதலில் கேட்பது தண்டனையை அல்ல. "அடி நிக்கணும். புள்ளைங்க படிப்பு கெடக் கூடாது. என் நகையைத் திருப்பிக் கொடுக்கணும். ராத்திரி தூங்கணும்." இதுதான் அவர்கள் நியாயம் என்று சொல்வது. ஆனால் குற்றவியல் அமைப்போ எத்தனை வழக்கு, எத்தனை கைது, எத்தனை தண்டனை என்றுதான் கணக்குப் பார்க்கிறது. ஏமாற்றம் இந்த இடைவெளியில் பிறக்கிறது.

*சிஎஸ்ஆர் கொடுத்தால் வழக்குப் பதிவாகிவிட்டதா?*

இல்லை. தமிழ்நாட்டில் பலரைக் குழப்பும் விஷயம் இது.

காவல் நிலையத்தில் மனு கொடுத்ததும் தரப்படும் சிஎஸ்ஆர் ரசீது, 'உங்கள் மனு வந்து சேர்ந்தது' என்பதற்கான அத்தாட்சி மட்டுமே. எஃப்ஐஆர் என்ற முதல் தகவல் அறிக்கை பதிவானால்தான் அது குற்ற வழக்கு. சிஎஸ்ஆர் கையில் இருந்தும், "கேஸ் போட்டாச்சு, ஆனா ஒண்ணுமே நடக்கல" என்று மாதக்கணக்கில் காத்திருக்கும் பெண்கள் உண்டு.

கைது செய்யக்கூடிய குற்றம் நடந்ததாகத் தகவல் வந்தால் எஃப்ஐஆர் கட்டாயம் என்று 2013 நவம்பரில் லலிதா குமாரி வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆனால் திருமணத் தகராறுகளில் முதலில் பூர்வாங்க விசாரணை நடத்தலாம் என்று அதே தீர்ப்பு அனுமதித்தது. இப்போதைய பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின்படி, 3 ஆண்டு முதல் 7 ஆண்டுக்குள் தண்டனை உள்ள குற்றங்களில் டிஎஸ்பி அனுமதியுடன் 14 நாட்களுக்குள் பூர்வாங்க விசாரணையை முடிக்க வேண்டும்.

அதாவது, விசாரணைக்குக் காலவரம்பு உண்டு. வாரக்கணக்கில் இழுப்பதற்கு இது லைசென்ஸ் இல்லை. எஃப்ஐஆர் போட்டால் அதன் நகலை இலவசமாகத் தர வேண்டும். போட மறுத்தால் உயர் அதிகாரியிடமும், அடுத்து மாஜிஸ்திரேட்டிடமும் போகலாம்.

*மகளிர் காவல் நிலையங்கள் நிலைமையை மாற்றினவா?*

நாட்டின் முதல் மகளிர் காவல் நிலையம் 1973ல் கேரளத்தின் கோழிக்கோட்டில் தொடங்கப்பட்டது. தமிழ்நாட்டில் 1992ல், ஜெயலலிதா முதல்வராக இருந்தபோது, சென்னை ஆயிரம் விளக்கில் முதல் அனைத்து மகளிர் காவல் நிலையம் வந்தது. பிறகு மாநிலம் முழுவதும் பரவியது. 2022 ஜனவரி 1 முதல் தாம்பரத்துக்கென்று தனி காவல் ஆணையரகமும் செயல்படுகிறது.

ஆண் போலீஸிடம் சொல்லக் கூசும் விஷயங்களை ஒரு பெண் அதிகாரியிடம் சொல்ல முடிந்தது உண்மையிலேயே பெரிய மாற்றம். ஆய்வாளர் மங்கை நடராஜன் 2006ல் வெளியான ஆய்வுக் கட்டுரையில், வரதட்சணை தொடர்பான குடும்ப வன்முறையைக் கையாளும் இந்த நிலையங்களை 'தகராறு தீர்க்கும் அமைப்பு' என்ற கோணத்தில் அலசினார். கோர்ட்டுக்குப் போகாமல் பேசி முடிக்கும் இடமாக அவை மாறியிருந்தன என்பது அந்தக் கோணத்திலேயே தெரிகிறது.

ஹரியானாவை வைத்து நிர்விகார் ஜஸ்ஸல் செய்து 2020ல் வெளியிட்ட ஆய்வு எச்சரிக்கை மணி அடித்தது. மகளிர் காவல் நிலையங்கள் வந்த பிறகு, மற்ற நிலையங்கள் "இது எங்க வேலை இல்ல, அங்க போங்க" என்று பெண்களைத் திருப்பி அனுப்பின. தனி நிலையம் வந்ததாலேயே வழக்குப் பதிவு கூடிவிடவில்லை. பல புகார்கள் கவுன்சிலிங் பக்கம் தள்ளப்பட்டன.

*கவுன்சிலிங் நல்லதா, கெட்டதா?*

பெண்களிடமே இதற்கு ஒரே பதில் கிடையாது.

"கூப்பிட்டு ஒரு மிரட்டு மிரட்டி விடுங்க மேடம், கேஸ் எல்லாம் வேணாம்" என்று கேட்டு வருகிறவர்கள் இருக்கிறார்கள். கணவர் சிறைக்குப் போனால் வாடகை யார் கொடுப்பது என்ற பயம் அவர்களுக்கு. போலீஸ் கூப்பிட்டுக் கண்டித்ததும் சில மாதம் வீடு அமைதியாக இருந்தால், அது அவர்களுக்கு ஒரு வெற்றிதான்.

ஆனால் "கொழந்தைங்களுக்காக அட்ஜஸ்ட் பண்ணிக்கோம்மா" என்று சொல்லி, வெள்ளைத் தாளில் கையெழுத்து வாங்கி அனுப்பினால் அது வேறு கதை. அந்தத் தாளுக்குக் கோர்ட் உத்தரவின் பலம் கிடையாது. மறுபடி அடித்தால் எல்லாவற்றையும் முதலில் இருந்து தொடங்க வேண்டும். அதோடு, 'இவள் போலீஸுக்குப் போனாலும் ஒன்றும் ஆகாது' என்ற தைரியம் அடித்தவருக்கு வந்துவிடுகிறது.

வித்தியாசம் எளிமையானது. சமரசம் அந்தப் பெண்ணின் விருப்பமாக இருந்தால் அது ஒரு வழி. அவர் மேல் திணிக்கப்பட்டால் அது கட்டப்பஞ்சாயத்து.

*கைது ஏன் உடனே நடப்பதில்லை?*

2014 ஜூலை 2ல் அர்னேஷ் குமார் வழக்கில், 7 ஆண்டு வரை தண்டனை உள்ள குற்றங்களில் போலீஸ் யந்திரம் போல் கைது செய்யக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. கைது ஏன் அவசியம் என்று எழுத்தில் காரணம் சொல்ல வேண்டும். இல்லையென்றால் ஆஜராகும்படி நோட்டீஸ் தர வேண்டும்.

498ஏ வழக்குகளில் 93.6 சதவீதத்தில் குற்றப்பத்திரிகை தாக்கலாகிறது, தண்டனையோ 15 சதவீதம்தான் என்ற 2012-ம் ஆண்டின் தேசிய குற்ற ஆவணக் கணக்கை அந்தத் தீர்ப்பு எடுத்துக்காட்டியது. சட்டம் தவறாகப் பயன்படுத்தப்படுகிறது என்பவர்கள் இந்த எண்ணை ஆதாரமாகச் சொல்கிறார்கள்.

பாதிக்கப்பட்டவர்கள் பக்கம் இருந்து பார்த்தால் இதே எண் வேறு மாதிரி தெரியும். வழக்கு விசாரணைக்கு வர வருஷங்கள் ஆகின்றன. சாட்சி சொல்ல வேண்டியவர்கள் அந்த வீட்டு ஆட்களே. இடையில் சமரசமோ விவாகரத்தோ நடந்து, பெண்ணே சாட்சியத்தில் இருந்து பின்வாங்குகிறார். தண்டனை இல்லை என்பதாலேயே வன்முறை நடக்கவில்லை என்று ஆகிவிடாது. தேசிய குற்ற ஆவணக் கணக்கின்படி 2022ல் மட்டும் நாடு முழுவதும் இந்தப் பிரிவில் 1,40,019 வழக்குகள் பதிவாகின.

2025 ஜூலை 22ல் உச்ச நீதிமன்றம், உத்தரப் பிரதேச வழக்கு ஒன்றில் அலகாபாத் உயர் நீதிமன்றம் 2022ல் வகுத்த நெறிமுறைகளை ஏற்றுக்கொண்டது. புகாருக்குப் பிறகு 2 மாதம் ஆறப்போடும் காலம், குடும்ப நலக் குழுவின் பரிசீலனை ஆகியவை அதில் உள்ளன. அந்த 2 மாதம் அந்தப் பெண் எங்கே இருப்பார், யார் பாதுகாப்பு என்ற கேள்வி இதனால் எழுகிறது. 2005 சட்டத்தின் பாதுகாப்பு உத்தரவு அவசியமாவதும் இங்கேதான்.

*கோர்ட்டில் என்ன கிடைக்கும்?*

2005 சட்டம் எழுத்தில் வேகமானது. மனு வந்த நாளில் இருந்து பொதுவாக 3 நாட்களுக்குள் முதல் விசாரணை. அதிலிருந்து 60 நாட்களுக்குள் மனுவை முடிக்க மாஜிஸ்திரேட் முயல வேண்டும். அவசரம் என்றால் எதிர்தரப்பு வரும் முன்பே இடைக்கால உத்தரவு போடலாம்.

நடைமுறை இந்த வேகத்தில் இல்லை. நோட்டீஸ் சேரவில்லை, வக்கீல் வரவில்லை, வாய்தா என்று நாள் போகும். ஒவ்வொரு வாய்தாவுக்கும் ஒரு நாள் கூலி போகும். "கோர்ட்டுக்குப் போய்ப் போயே ஓய்ஞ்சு போயிட்டேன்" என்பது பல பெண்கள் சொல்லும் வார்த்தை.

இருந்தாலும் சில தீர்ப்புகள் பெண்களுக்குக் கதவைத் திறந்திருக்கின்றன:

• 2019 ஏப்ரல்: கணவர் வீட்டை விட்டு வெளியேறிய பெண், தான் தஞ்சம் புகுந்த ஊரிலேயே 498ஏ புகார் கொடுக்கலாம் என்றது உச்ச நீதிமன்றம். மதுரையில் கணவர் வீடு, மாடம்பாக்கத்தில் அம்மா வீடு என்றால் இங்கேயே புகார் தரலாம்.

• 2020 அக்டோபர்: வீடு மாமனார், மாமியார் பெயரில் இருந்தாலும், மருமகள் வாழ்ந்த 'பகிர்ந்த இல்லம்' என்றால் அங்கு வசிக்கும் உரிமையை அவர் கோரலாம். "வீடு என் பேர்ல இருக்கு, வெளிய போ" என்று சொன்னால் அதோடு விஷயம் முடிந்துவிடாது.

• 2022 ஏப்ரல்: தமிழ்நாட்டில் இருந்து போன ஒரு வழக்கில், வன்முறை நடந்து ஒரு வருஷம் தாண்டிவிட்டது என்ற காரணத்தால் 2005 சட்டத்தின் கீழ் மனுவைத் தள்ள முடியாது என்றது உச்ச நீதிமன்றம். பொறுத்துப் பொறுத்து தாமதமாக வரும் பெண்களுக்கு இது முக்கியமான தீர்ப்பு.

பாதுகாப்பு உத்தரவை மீறினால் அது தனிக் குற்றம். ஒரு வருஷம் வரை சிறை, 20,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். உத்தரவு மீறப்பட்டதைப் பெண்ணின் சாட்சியம் மட்டுமே கொண்டுகூட நீதிமன்றம் முடிவு செய்யலாம்.

*பாதுகாப்பு அலுவலர் ஏன் முக்கியம்?*

இந்தச் சட்டத்தில் போலீஸுக்கும் கோர்ட்டுக்கும் நடுவே ஒரு பாலம் வைக்கப்பட்டது. அவர்தான் பாதுகாப்பு அலுவலர். 'டிஐஆர்' எனப்படும் குடும்ப வன்முறை நிகழ்வு அறிக்கையைத் தயாரிப்பது, இலவச சட்ட உதவி, தங்குமிடம், மருத்துவ உதவி கிடைக்கச் செய்வது எல்லாம் இவர் வேலை. தமிழ்நாட்டில் இவர்கள் சமூக நலத்துறையின் கீழ் வருகிறார்கள்.

ஒரு மாவட்டத் தலைநகரில் உட்கார்ந்துகொண்டு புறநகர், கிராமம் என எல்லா இடத்துக்கும் ஓடுவது ஒருவரால் முடியாத காரியம். 2025 மே 20ல் உச்ச நீதிமன்றம், தாலுகா அளவிலும் பாதுகாப்பு அலுவலர்களை 6 வாரத்துக்குள் அடையாளம் கண்டு நியமிக்கும்படி மாநிலங்களுக்கு உத்தரவிட்டது. தாம்பரம் ஒரு தாலுகா தலைநகரம். இந்த உத்தரவு முழுமையாகச் செயலுக்கு வந்தால், மாடம்பாக்கத்துப் பெண் செங்கல்பட்டு வரை போக வேண்டியதில்லை.

*எது மாறினால் நம்பிக்கை வரும்?*

மத்தியப் பிரதேசத்தில் 180 காவல் நிலையங்களை எடுத்து நடத்தப்பட்ட ஒரு பெரிய ஆய்வு 2022ல் 'சயின்ஸ்' இதழில் வெளியானது. பெண்கள் உதவி மேசை, அதற்கான பயிற்சி, நடைமுறை வகுத்துக் கொடுக்கப்பட்ட நிலையங்களில் டிஐஆர் பதிவும் எஃப்ஐஆர் பதிவும் கூடின. எஃப்ஐஆர் அதிகரித்தது குறிப்பாகப் பெண் அதிகாரிகள் அந்த மேசையை நடத்திய இடங்களில்.

இதில் கவனிக்க வேண்டியது, அதற்காகப் புதுச் சட்டம் எதுவும் போடப்படவில்லை என்பது. காது கொடுத்துக் கேட்க ஒரு ஆள், உட்கார ஒரு நாற்காலி, தனியாகப் பேச ஒரு இடம், என்ன பதிவு செய்ய வேண்டும் என்ற தெளிவு. இவை இருந்தாலே மாற்றம் தெரிகிறது.

*மாடம்பாக்கம், தாம்பரம் பகுதிப் பெண்கள் என்ன செய்யலாம்?*

1. உயிருக்கு ஆபத்து என்றால் 112. ஆலோசனை, தங்குமிடம், மீட்பு உதவிக்கு 24 மணி நேரமும் 181. உங்களுக்குப் பக்கத்தில் உள்ள 'சகி' ஒருங்கிணைந்த சேவை மையம், பாதுகாப்பு அலுவலர் விவரத்தை 181-லேயே கேட்கலாம். சகி மையத்தில் தற்காலிகமாகச் சில நாட்கள் தங்கவும் முடியும்.

2. காயம் பட்டால் அரசு மருத்துவமனைக்குப் போய் உண்மையைச் சொல்லுங்கள். "படியில வழுக்கி விழுந்துட்டேன்" என்று சொன்னால் அதுதான் ஏஆர் எனப்படும் விபத்துப் பதிவேட்டில் ஏறும். பிறகு அதை மாற்றுவது கஷ்டம்.

3. மனுவைத் தேதி, நேரம், நடந்தது, பார்த்தவர்கள் என்று வரிசையாக எழுதுங்கள். சிஎஸ்ஆர் வாங்குங்கள். எஃப்ஐஆர் ஆகிவிட்டதா என்று தனியாகக் கேளுங்கள்.

4. எந்த எல்லையில் நடந்தது என்று சொல்லித் திருப்பி அனுப்ப முடியாது. எல்லை எதுவானாலும் பதிவு செய்யும் 'ஜீரோ எஃப்ஐஆர்' இப்போது சட்டத்திலேயே இருக்கிறது.

5. விருப்பமில்லாமல் சமரசத் தாளில் கையெழுத்துப் போட வேண்டாம். கேஸ் வேண்டாம், பாதுகாப்பு மட்டும் போதும் என்றாலும் 2005 சட்டத்தின் கீழ் மனு போடலாம். பாதுகாப்பு அலுவலர் வழியாகவோ, நேரடியாக மாஜிஸ்திரேட்டிடமோ கொடுக்கலாம்.

6. வக்கீலுக்குப் பணம் இல்லையா? பெண்கள் எல்லோருக்கும், வருமானம் எவ்வளவு இருந்தாலும், இலவச சட்ட உதவி பெறும் உரிமை உண்டு. எண் 15100.

7. ஆதார், வங்கிப் புத்தகம், குழந்தைகளின் பிறப்புச் சான்றிதழ், திருமணப் பத்திரிகை அல்லது போட்டோ, நகை பில் ஆகியவற்றின் நகல்களை நம்பிக்கையான ஒருவரிடம் கொடுத்து வையுங்கள்.

பக்கத்து வீட்டில் சத்தம் கேட்டு இதைப் படிப்பவர்களுக்கும் ஒரு தகவல். குடும்ப வன்முறை பற்றி யார் வேண்டுமானாலும் பாதுகாப்பு அலுவலருக்குத் தகவல் தரலாம். நல்லெண்ணத்தில் தகவல் கொடுத்தவர் மேல் எந்தப் பொறுப்பும் வராது என்று சட்டத்தின் 4-வது பிரிவு சொல்கிறது. "அது அவங்க குடும்ப விஷயம்" என்று கதவைச் சாத்திக்கொள்ள வேண்டிய கட்டாயம் இல்லை.

உதவி கேட்ட அந்த 14 சதவீதம் பேருக்கு ஸ்டேஷனிலும் கோர்ட்டிலும் என்ன அனுபவம் கிடைக்கிறது என்பதை வாய் திறக்காத 77 சதவீதம் பேரும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். ஒருவர் பாதுகாப்போடு வீடு திரும்பினால், அதே தெருவில் இன்னொருவர் போனை எடுப்பார்.